பயனர்: ஒருத்தி

முதல் செயலி பஸ்ஸுக்கு.
ஜங்ஷனிலிருந்து முக்கூடல் போகும் வண்டி
இப்போது எங்கே வருகிறதென்று நீலப் புள்ளி காட்டும்.
புள்ளி மூன்று நாள்
பேட்டையில் ஒரே தெருவுக்குள் சுற்றியது.
வண்டியில் வைத்த போனை
டிரைவரின் மகன் விளையாட எடுத்துப்போயிருந்தான்.

இரண்டாவது,
ஹாஸ்டல் மெஸ்ஸில் மிஞ்சும் சாம்பாரை முன்கூட்டிக் கணிப்பது.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாவதுக்கு,
பயனரை அவர் இடத்தில் போய்ப் பார் என்றது பாடத்திட்டம்.
எனக்குத் தெரிந்த இடம் முக்கூடலில் ஒன்றுதான்.
பிளஸ் டூ வரை என் பெஞ்சில் இருந்தவள்,
கணக்கில் என்னைவிட ஏழு மார்க் கூட வாங்கியவள்,
பிரம்மசக்தி
சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

நாளுக்கு ஆயிரம். இருபத்தைந்து இருபத்தைந்தாக நாற்பது கட்டு.
கம்பெனிக் கடையில் எழுதுகிறவர் முப்பத்தெட்டு என்பார்.
கழிவு ரெண்டு.
எது கழிவென்று கேட்டால்
அடுத்த ஆளை வரச் சொல்வார்.

எண்ணிக் காட்டினால் ஏய்க்க முடியாதென்று நினைத்தேன்.
பச்சைப் பொத்தான் கூட்ட, சிவப்பு நீக்க.
ஓரம் வளைத்து, கீழே மெல்லிய நிழல் போட்டு,
தொட்டால் இதழிதழாய் விரிகிற மாதிரி ஓர் அசைவு.
அந்த விரிதலுக்கே இரண்டு ராத்திரி.

தொட்டாள். விரியவில்லை.
ஈர இலை, தூள், நூல் அறுத்த தடம்,
இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கோ விரல்.
"ஏட்டி எப்சிபா, சவம் கேக்க மாட்டங்கு பாரு."
ரேஷன் கடை மெஷினுக்கும்
அவள் பெருவிரலை அடையாளம் தெரியாதாம்.
இடக்கையில் பாதி சுற்றிய பீடி அவிழக் காத்திருந்தது.
அவள் குனிந்தாள்.
மூக்குத்தி கண்ணாடியில் டிக்கென்றது.
மூக்கு நுனியில் என் பூ விரிந்தது.
சிரித்ததில் தூள் ஏறித் தும்மி
ஒரு கட்டு ஓசியில் கூடியது.

நோட்டில் எழுதிக்கொண்டேன்.
பயனர் ஒன்று. உள்ளீடு: மூக்கு.

திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே அழித்தேன்,
நிழலை, வளைவை, இரண்டு ராத்திரியை.
பேட்டை வருவதற்குள் பொத்தானும் போயிற்று.
திரை முழுக்க ஒரே இடம்.
முட்டியால் தட்டு, முழங்கையால் தட்டு, எப்படியும் தட்டு.
நடுவில் ஓர் எண்.
சிவப்பையும் எடுத்துவிட்டேன்.
கழிவு என்று சொல்ல
அவளுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அடுத்த வாரம் எண் நாற்பது காட்டியது.
அவர் முப்பத்தெட்டு எழுதினார்.
"நாப்பதுன்னு எனக்குத் தெரியும்லா.
எனக்கு எதுக்குட்டி காட்டுத?
மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க ஆளுல்லா பாக்கணும்."

ஒரே ஒரு வரி நிரல்.
நூற்றெண்பது டிகிரி.
அவள் போனைத் தன் பக்கமாக மேசையில் வைத்தால்
எண் அவருக்கு நேராக நிற்கும்,
அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களும்
எட்டிப் பார்க்கிற அளவில்.

வாய்மொழித் தேர்வுக்கு நாகர்கோவிலிலிருந்து வந்தவர்
திரையை வெகுநேரம் பார்த்தார்.
"பொத்தானே இல்லையேம்மா."
ஆமா சார்.
"எண் தலைகீழா இருக்கு. பிழையா?"
இல்ல சார்.
போனைத் திருப்பியிருந்தால் சரியாகியிருக்கும்.
அவர் தலையைச் சாய்த்துத்தான் பார்த்தார்.
"எத்தனை பேர்ட்ட சோதிச்ச?"
ஒருத்தி.
சிவப்பு மையில் ஏதோ குறித்தார், நீளமாக.

ராத்திரி ஒரு குரல் செய்தி.
முதல் ஐந்து விநாடி கத்தரி இலை வெட்டும் சத்தம் மட்டும்.
பிறகு, அவசரமே இல்லாமல்,
"முப்பத்தொம்பது எழுதுனாரு."
மறுபடியும் கத்தரி.
நிறுத்த மறந்திருக்கிறாள்.